பளபளக்குது வீடு... பராமரிக்கப்போவது யார்?

ஒரே நிறம், ஒரே மினுக்கம், சுவர் முழுக்க அலமாரி. புது வீட்டுக் கனவின் இன்றைய முகம் இதுதான். வாங்கும்போது கேட்க மறந்துபோகும் கேள்விகள், வாங்கிய பின் தொடரும் வேலைகள் பற்றிய சிறப்புக் கட்டுரை.

பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒன்பதாவது மாடியில் கிரகப்பிரவேசம். விடியற்காலை கணபதி ஹோமம் முடிந்து, பால் பொங்கி, ஐயர் தட்சிணை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஹாலில் புகை இன்னும் கலையவில்லை. வீட்டின் மூத்த பாட்டி ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் குங்குமச் சிமிழுமாக அறை அறையாகப் போகிறார். நிலைவாசலுக்கு மூன்று பொட்டு. அடுப்புக்கு ஒன்று. ஃப்ரிட்ஜுக்கு ஒன்று. படுக்கையறையில், தரையிலிருந்து கூரை வரை வெள்ளை வெளேரென்று நிற்கும் வார்ட்ரோப் முன்னால் வந்து மோதிர விரலைச் சந்தனத்தில் தோய்க்கிறார்.

“ஐயோ பாட்டி, அதுல வேண்டாம்!” பேத்தி ஓடி வருகிறாள்.

“புதுசா வந்த சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படிம்மா?”

“கறை புடிச்சிடும் பாட்டி. அந்த ஒரு கதவை மட்டும் மாத்தவும் முடியாது. கலர் சேராது.”

கூடியிருந்த உறவினர் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். கடைசியில் அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளே பதித்திருந்த ஆளுயரக் கண்ணாடியில் பொட்டு வைக்கிறார் பாட்டி. விஷயம் சுமுகமாக முடிந்தது. ஆனால் பேத்தி சொன்ன அந்தக் கடைசி வாக்கியத்தைச் சென்னையில் மட்டுமல்ல, கோவை, மதுரை, திருச்சி எங்கும் புது வீடு கட்டிய பலரிடம் கேட்க முடிகிறது. ஒரு கதவில் கீறல் விழுந்தால் ஒரு கதவு மட்டும் கெடுவதில்லை, அந்தச் சுவரே கெட்டதாகத் தெரிகிறது. ஒன்றோடொன்று பொருந்தும் கிளாஸி மரச்சாமான்களின் அழகு அதில்தான் இருக்கிறது. அவற்றின் சிக்கலும் அதில்தான்.

மினுக்கம் நமக்குப் புதிதல்ல

வழவழப்பின் மேல் நமக்குள்ள ஆசை பழையது. செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் சுண்ணாம்பு, முட்டை வெண்கரு, கடுக்காய் சேர்த்து அரைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து ஏற்றிய பளபளப்பு நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. ஆத்தங்குடி ஓடுகளைக் கண்ணாடித் தட்டின் மேல் வார்ப்பதே அந்த மினுக்கத்துக்காகத்தான். மிதிக்க மிதிக்க, துடைக்கத் துடைக்க அவற்றின் பளபளப்பு கூடும். பர்மா தேக்குத் தூண்களும் கட்டில்களும் அரக்கைச் சாராயத்தில் கரைத்த பாலிஷால் மின்னின. அந்தப் பாலிஷ் மங்கினால் ஆசாரியைக் கூப்பிட்டு மறுபடி போடலாம். இந்த வசதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று நாம் வாங்கும் மினுக்கம் ரசாயனக் கூடத்திலிருந்து வந்தது. 1913இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபார்மைக்கா நிறுவனத்திலிருந்து நம் ஊர் ‘சன்மைக்கா’ வரை லேமினேட்டுக்கு ஒரு வம்சம் உண்டு. அக்ரிலிக் கண்ணாடி 1930களில் ஜெர்மனியில் சந்தைக்கு வந்தது. பாலியுரித்தேனை அதே ஜெர்மனியில் 1937இல் ஓட்டோ பேயர் கண்டுபிடித்தார். கடைக்காரர் சுருக்கமாக ‘பி.யு.’ என்று சொல்வது இதைத்தான்.

சின்ன வீட்டுக்கு இந்தப் பளபளப்பு உண்மையில் நன்மை செய்கிறது. 600 சதுர அடி ஃபிளாட்டில் ஜன்னல் வெளிச்சத்தை எதிர்ச் சுவரின் அலமாரி திருப்பி அனுப்பினால் அறை பெரிதாகத் தெரியும், பகலில் விளக்குப் போடும் நேரம் குறையும். சொரசொரப்பான மரவரி லேமினேட்டில் மஞ்சள்தூள் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும். வழவழப்பான பரப்பில் உடனே துடைத்தால் போய்விடும். ஆகவே கிளாஸி வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. எங்கே, எதன் மேல், யார் கையை நம்பி என்பதை முடிவுசெய்துவிட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

தண்ணீருக்கு ஆகாத பலகை

ஷோரூமில் யாரும் முதலில் சொல்லாத விஷயம் பளபளப்புக்கு அடியில் இருக்கிறது. கண்ணாடி போன்ற பரப்பில் அரை மில்லிமீட்டர் மேடு பள்ளம்கூட அலையாகத் தெரியும். டியூப்லைட்டின் பிம்பம் நேர்க்கோடாக விழாமல் நெளிந்தால் அடியில் உள்ள பலகை சமமாக இல்லை என்று அர்த்தம். ப்ளைவுட் என்பது மரத்தோல் அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. உள்ளடுக்கில் ஓர் இடைவெளியோ ஒன்றின் மேல் ஒன்று ஏறிய விளிம்போ இருந்தால் அது மேலே வரை தெரியும். மேட் ஃபினிஷில் கண்ணுக்குப் படாத இந்தக் குறையைக் கிளாஸி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

அதனால்தான் கிளாஸி ஷட்டர்களுக்கு எம்.டி.எஃப். பலகையையோ, அதைவிட அடர்த்தியான எச்.டி.எச்.எம்.ஆர். பலகையையோ பயன்படுத்துகிறார்கள். மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திய இந்தப் பலகைகள் மிகத் தட்டையானவை, பெயிண்ட்டை நன்றாக ஏற்பவை. ஆனால் சாதாரண எம்.டி.எஃப்.பில் தண்ணீர் இறங்கினால் டீயில் நனைத்த ரஸ்க் போல ஊதிவிடும். காய்ந்த பிறகும் பழைய அளவுக்குத் திரும்பாது. எச்.டி.எச்.எம்.ஆர். காற்றின் ஈரத்தைத் தாங்கும். தேங்கிய தண்ணீரில் நாள்கணக்கில் நிற்க அதுவும் செய்யப்பட்டதல்ல.

இதை நம் வீட்டுப் பழக்கத்தோடு சேர்த்துப் பாருங்கள். நம் சமையலறைத் தரையை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறோம். சிங்க்குக்குக் கீழே குழாய் கசிவது சாதாரணம். கேன் தண்ணீர் மாற்றும்போது ஒரு சொம்பாவது சிந்தும். குக்கர் விசில் நேராக மேல் அலமாரியின் அடிப்பக்கத்தில் போய் அடிக்கிறது. அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் இளகத் தொடங்கும் பொருள். அதற்கு முன்பே விளிம்பில் ஒட்டிய பட்டையின் பசை விட்டுக்கொடுத்துவிடும். எட்ஜ் பேண்டிங் எனப்படும் அந்த ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் பட்டைதான் பலகைக்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள காவல். முகப்பு எவ்வளவு மின்னினாலும் விளிம்பு திறந்துகொண்டால் கதை முடிந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளங்களுக்குள் புகுந்தபோது, 2015 வெள்ளத்தில் பார்த்த காட்சியை மக்கள் மறுபடி பார்த்தார்கள். தேக்குக் கட்டிலைக் கழுவி வெயிலில் காயவைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஊறிப்போன பலகை அலமாரியைத் தெருவோரம்தான் வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கும் பகுதியில் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கீழ் அலமாரிக்கு எம்.டி.எஃப். பக்கமே போகக் கூடாது என்பது என் திட்டமான கருத்து. பெட்டிக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் ப்ளைவுட், அல்லது அலுமினியம், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அடியில் 4 முதல் 6 அங்குல உயரத்துக்குக் கால்கள். மினுக்கம் வேண்டுமென்றால் அது இடுப்புக்கு மேலே உள்ள ஷட்டர்களில் இருக்கட்டும்.

■ பெட்டிச் செய்தி: எந்த மினுக்கம் எப்படி?

கிளாஸி லேமினேட்: பிசினில் ஊறிய காகித அடுக்குகளின் மேல் மெலமைன் பரப்பு. வழக்கமான தடிமன் 1 மில்லிமீட்டர், தாள் அளவு 8க்கு 4 அடி. விலை குறைவு, சூட்டை ஓரளவு தாங்கும். கீறல் விழுந்தால் எடுக்க முடியாது.

அக்ரிலிக்: ஆழமான, கண்ணாடி போன்ற பிம்பம். வெயிலில் மஞ்சளாவது குறைவு. மெல்லிய கீறலைத் தேர்ந்தவர் தேய்த்து எடுக்கலாம். சாராயம், அம்மோனியா, தின்னர் பட்டால் நுண்விரிசல் விடும்.

பி.யு. பெயிண்ட்: எந்த நிறமும் கிடைக்கும், விளிம்பில் மூட்டு தெரியாது, வளைவான கதவுக்கும் ஏற்றது. தூசியில்லாத அறையில் அடிக்க வேண்டும். ‘அலிஃபாட்டிக்’ வகை வெயிலில் நிறம் மாறாது. ‘அரோமாட்டிக்’ வகை வெள்ளை நாளடைவில் மஞ்சளாகும்.

லாக்கர்டு கிளாஸ்: பின்பக்கம் வண்ணம் பூசிய கண்ணாடி. மஞ்சள், எண்ணெய், சூடு மூன்றுக்கும் அஞ்சாதது. எடை அதிகம் என்பதால் கீல் வலுவாக வேண்டும். அடுப்புக்குப் பக்கத்தில் டஃபண்ட் கண்ணாடிதான் போட வேண்டும்.

வெள்ளைக்கு வெள்ளை சேரவில்லை

சென்னை சைடன்ஹாம்ஸ் ரோடு கடைகளில் லேமினேட் புத்தகத்தைப் புரட்டியவர்களுக்குத் தெரியும், வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை! நீலம் கலந்தது, பால் நிறம், முத்து நிறம், சுண்ணாம்பு நிறம். உள்ளங்கை அகலத் துண்டில் இவை எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஒன்பது அடி உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது ஒன்று அழுக்காகவும் இன்னொன்று ஆஸ்பத்திரி மாதிரியும் தெரியும்.

நிறம் சேராமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. முதலாவது வெளிச்சம். ஷோரூமில் 3000 கெல்வின் மஞ்சள் ஒளியில் பார்த்து மயங்குகிறோம். நம் வீட்டில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் வெள்ளை விளக்கு. ஓர் ஒளியில் ஒன்றுபோல் தெரியும் இரு வண்ணங்கள் வேறோர் ஒளியில் பிரிந்து நிற்பது ஜவுளிக்கடையில் பிளவுஸ் துணி எடுக்கும் எல்லோருக்கும் தெரியும். அதற்காகத்தானே புடவையைக் கடை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கிறோம். அலமாரிக்கும் அதையே செய்ய வேண்டும். ஓர் அடிக்கு ஓர் அடி மாதிரித் துண்டு கேட்டு வாங்கி, எந்தச் சுவரில் வரப்போகிறதோ அந்தச் சுவரில் நிற்கவைத்து, காலையிலும் இரவிலும் பாருங்கள். படுக்கவைத்துப் பார்த்தால் பிரயோசனம் இல்லை. கதவு நின்றுகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது, மினுக்கத்தின் அளவு. இதை அளக்கக் கருவியே உண்டு. 60 டிகிரி கோணத்தில் ஒளியை விழவைத்து எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பார்கள். வழவழப்பான கறுப்புக் கண்ணாடி ஒன்றுக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றதை அளப்பது முறை. மேட் பரப்பு 10க்குக் கீழே. நல்ல அக்ரிலிக் 90ஐ ஒட்டி நிற்கும். ஒரே வண்ணக் குறியீடு கொண்ட பி.யு. கதவும் லேமினேட் கதவும் பக்கத்தில் நின்றால், மினுக்கம் கூடியது அழுத்தமான நிறமாகக் கண்ணுக்குப் படும். கட்டில் லேமினேட்டில், அலமாரி அக்ரிலிக்கில், டிரஸ்ஸிங் டேபிள் பி.யு.வில் என்று வாங்கிவிட்டு ‘மேட்ச்’ ஆகவில்லையே என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. ஓர் அறைக்கு ஒரு பொருள் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

மூன்றாவது காரணம் தயாரிப்புத் தொகுதி. ஒரே கம்பெனி, ஒரே எண், ஆனால் இந்த மாதம் வந்த தாளும் ஆறு மாதம் கழித்து வரும் தாளும் நூலிழை வேறுபடும். மேட் பரப்பில் அது தெரியாது. கிளாஸியில் தெரியும். எனவே ஹாலுக்கு இப்போது, படுக்கையறைக்குப் போனஸ் வந்ததும் என்று பிரித்துச் செய்வதாக இருந்தாலும் தாள்களை மொத்தமாக ஒரே தொகுதியில் வாங்கிவிடுங்கள். கூடவே ஒரு முழுத் தாள் அதிகம் வாங்கிப் பரணில் படுக்கைவாட்டில் வையுங்கள். பத்து வருடத்தில் நீங்கள் செய்யும் மிக லாபமான செலவு அதுவாக இருக்கும். கம்பெனிகள் வண்ணங்களை அடிக்கடி நிறுத்திவிடுகின்றன. அப்போது அந்தப் பரண் தாள்தான் உங்கள் ‘செட்’டைக் காப்பாற்றும்.

இவ்வளவும் பார்த்துச் செய்தாலும் வெயில் ஒரு வேலை செய்யும். மேற்கு ஜன்னலுக்கு எதிரில் நிற்கும் கதவு ஒரு நிறத்துக்கும் மூலையில் நிற்கும் கதவு வேறொரு நிறத்துக்கும் மெதுவாகப் பிரியும். அதற்குத் திரைச்சீலைதான் மருந்து.

எல்லாவற்றையும் ஒரே நிறத்தில் செய்தே ஆக வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். பொருத்தம் என்பது ஒரே மாதிரி இருப்பதல்ல. அலமாரி வெளிர்சாம்பல் மினுக்கத்தில் இருக்கட்டும், கட்டிலின் தலைமாடு மரவரி மேட்டில் இருக்கட்டும், இரண்டுக்கும் ஒரே உலோகக் கைப்பிடி போடுங்கள். கண் அதை ஒரு குடும்பமாகப் பார்க்கும். நாளை ஒன்று பழுதானாலும் இன்னொன்றைத் தொட வேண்டியதில்லை.

■ பெட்டிச் செய்தி: அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்...

* கொட்டேஷனில் ‘கிளாஸி ஃபினிஷ்’ என்று மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பொருள், தடிமன், கம்பெனி, வண்ண எண், உள்ளே என்ன பலகை, விளிம்புப் பட்டையின் தடிமன் எல்லாம் எழுத்தில் வேண்டும்.
* பலகைக்கு ‘இ1’ அல்லது அதைவிடக் குறைந்த ஃபார்மால்டிஹைடு வகை கேளுங்கள். இந்த வாயுவைப் புற்றுநோய் விளைவிப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. புது அலமாரி வந்த அறையை நன்றாகக் காற்றாட விடுங்கள்.
* வாரண்டி எதற்கு? பெரும்பாலும் பூச்சிக்கும் பலகை பிரிவதற்கும் இருக்கும், கீறலுக்கு இருக்காது.
* ஷட்டரில் டியூப்லைட் பிம்பத்தைப் பாருங்கள். நெளிந்தால் வேண்டாம்.
* பாதுகாப்புப் படலத்தைப் பொருத்தி முடித்ததும் உரித்துவிடச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் விட்டால் வெயிலில் பசை இறுகி, உரிக்கும்போது கறையாக நிற்கும்.

மஞ்சள், குங்குமம், தாளிப்பு

வெளிநாட்டுப் பட்டியல்களில் வரும் பராமரிப்புக் குறிப்புகள் ஒயின் கறையையும் காபிக் கறையையும் பற்றிப் பேசும். நம் வீட்டு எதிரிகள் வேறு.

மஞ்சளின் நிறம் குர்குமின் என்ற சாயத்திலிருந்து வருகிறது. எண்ணெயோடு சேர்ந்தால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் வெளிச்சத்தில் சிதையும். துடைத்தும் போகாத மஞ்சள் தடம் வெயில் படும் கதவில் தானாக மங்குவது இதனால்தான். தேய்த்துக் கீறலை உண்டாக்குவதைவிடச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டுச் சில நாள் பொறுப்பது நல்லது. குங்குமம் அப்படியல்ல. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமம் வேறு. செயற்கைச் சாயம் சேர்த்த கடைக் குங்குமம் வேறு. இரண்டாவது, வெள்ளை பி.யு.வில் ஈரத்தோடு ஓரிரவு நின்றால் இளஞ்சிவப்பு வட்டத்தை விட்டுப்போகக்கூடும். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்காமல் இருக்க முடியாது. உலோகக் கைப்பிடியிலோ கண்ணாடியிலோ வையுங்கள். அலமாரி செய்யும்போதே மேல் மூலையில் ஒரு சிறு பித்தளைத் தகட்டைப் பதிக்கச் சொன்னால் இன்னும் அழகு. பெரியவர்கள் மனமும் நோகாது.

ஸ்டிக்கர் பொட்டு இன்னொரு பழக்கம். முகம் கழுவும்போது கழற்றி அலமாரிக் கதவில் ஒட்டிவைத்து, மறந்துவிடுகிறோம். பசை தங்கிவிட்டால் நகத்தாலோ பிளேடாலோ சுரண்ட வேண்டாம். இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தடவிச் சற்று நேரம் கழித்து மெல்லத் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரால் எண்ணெயை எடுத்துவிடலாம். தேங்காயெண்ணெய்க்கு இந்த ஒரு வேலைதான். பளபளப்பு கூடும் என்று கதவு முழுக்கத் தடவினால் தூசியெல்லாம் வந்து ஒட்டும்.

தாளிப்புதான் பெரிய சோதனை. கடுகு வெடிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகை நுண்துளிகளாகப் பறந்து மேல் ஷட்டரில் படிகிறது. புதிதாக இருக்கும்வரை சோப்புத் தண்ணீருக்குக் கட்டுப்படும். காற்றுப் பட்டு வாரக்கணக்கில் நின்றால் இறுகி, மஞ்சளான பிசுக்காகும். அதை எடுக்க முரட்டுத்தனம் தேவைப்படும்; முரட்டுத்தனத்தைக் கிளாஸி தாங்காது. ஆகவே அடுப்புக்கு மேலும் பக்கத்திலும் உள்ள கதவுகளை வாரம் ஒரு முறையாவது துடைத்தாக வேண்டும். அது முடியாது என்று தெரிந்தால் அந்த இடத்துக்கு மட்டும் லாக்கர்டு கிளாஸ் போடுங்கள். பூஜை அலமாரியைக் கிளாஸி வெள்ளையில் செய்யவே வேண்டாம். விளக்குச் சூடும் கற்பூரக் கரியும் மேல் தட்டைச் சில மாதங்களில் கறுப்பாக்கும். கீழே கல், பின்னே ஓடு, கதவு தேக்கு. முன்னோர் அறிந்தே செய்தார்கள்.

அடுத்தது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு விட்டால், காய்ந்ததும் வெள்ளைத் திட்டுகள். இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. பல ஊர்களில் நாம் துடைக்கும் தண்ணீர் அந்த 500க்கு மேலேயே இருக்கிறது. தண்ணீரை வீணாக்காத நல்ல எண்ணத்தில் ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைப் பிடித்து வீடு துடைப்பவர்கள் உண்டு. தரைக்குச் சரி. கிளாஸி கதவுக்குக் கூடாது. வீட்டிலேயே மிக உப்பான தண்ணீர் அதுதான். அலமாரிக்கு அரை லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரோ மழைநீரோ போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றே உப்பைக் கொண்டுவந்து பூசுகிறது. கீல்களைத் துருப்பிடிக்காத எஃகில் போடுங்கள்.

நிறத் தேர்விலும் ஊர் பேச வேண்டும். கறுப்பு கிளாஸி படத்தில் கம்பீரமாக இருக்கும். நம் தெருத் தூசி வெளிர்நிறம். கறுப்பில் மதியத்துக்குள் தெரிந்துவிடும். தூய வெள்ளையில் தூசி தெரியாது, மஞ்சள் தெரியும். சந்தன நிறமும் வெளிர்சாம்பலும் இரண்டையும் மறைக்கும். கைப்பிடியே இல்லாமல் தொட்டுத் திறக்கும் கதவைக் கிளாஸியில் செய்தால் குழந்தைகளின் பத்து விரலும் தினமும் பதியும். கைப்பிடி வையுங்கள். கண்புரை உள்ள முதியவர்களுக்குப் பளபளப்பில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அவர்கள் அறையில் மேட்தான் நல்லது.

■ பெட்டிச் செய்தி: துடைக்கும் முறை

முதலில் கையால் அழுத்தாமல் தூசியைத் தட்ட வேண்டும். தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. ஜன்னல் கண்ணாடி ஐந்தரையை ஒட்டியது. அக்ரிலிக் அதற்கும் வெகு கீழே. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது மணலால் தேய்ப்பதுதான். டவுன்லைட் வெளிச்சத்தில் வட்டவட்டமாகத் தெரியும் கீறல்கள் இப்படி வந்தவையே.

அடுத்து, ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. மைக்ரோஃபைபர் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரே திசையில் துடைத்து, உடனே இன்னோர் உலர்ந்த துணியால் ஈரத்தை எடுக்க வேண்டும். விளிம்பில் ஈரம் நிற்கக் கூடாது. அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வாசனைக்காகச் சேர்க்கும் ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டாம், நாரின் மேல் படிந்து துணியைப் பயனற்றதாக்கும்.

கூடாதவை: பச்சை நார், கம்பி நார், சபீனா வகைப் பொடிகள், செய்தித்தாள், ஆசிட், பிளீச்சிங், தின்னர். அக்ரிலிக்கில் கண்ணாடி கிளீனரும் சானிடைசரும்கூட.

துணி பிடிக்கும் கை

மேலே எழுதிய அத்தனையையும் செய்யப்போவது யார்? விற்பவர் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, வாங்குபவரும் பல வீடுகளில் கேட்பதில்லை. வார்ட்ரோபின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் நாளில் குடும்பமே கூடுகிறது. துடைக்கும் நாளில் ஒருவர்தான் இருக்கிறார். அம்மா, மருமகள், அல்லது காலையில் நான்கு வீட்டு வேலை முடித்துவிட்டு ஐந்தாவது வீட்டுக்கு வரும் அக்கா.

பத்துக்கு எட்டு அடிச் சுவரில் ஓர் அலமாரி என்றால் 80 சதுர அடி. இரண்டு படுக்கையறை, சமையலறை, டிவி யூனிட் எல்லாம் சேர்த்தால் துடைக்க வேண்டிய பரப்பு வீட்டின் தரையில் பாதிக்கு வந்துவிடும். வீட்டு வேலைக்கான சம்பளத்தைப் பேசும்போது பெருக்குவது, துடைப்பது, பாத்திரம் என்று பேசுகிறோம். இந்த 80 சதுர அடிகளைப் பேசுவதில்லை. ஸ்க்ரப்பரால் தேய்த்து ஒரு கதவு மங்கிவிட்டால் பழி மட்டும் அவர் தலையில். சரியான துணியைக் கொடுத்து, எப்படித் துடைப்பது என்று ஒருமுறை செய்து காட்டி, அதற்கான நேரத்தையும் கூலியையும் சேர்த்துப் பேசுவது வீட்டுக்காரரின் கடமை. அது முடியாதென்றால் துடைக்க முடிகிற அளவுக்கு மட்டும் மினுக்கம் வாங்குங்கள். ஹாலில் கண்ணெதிரே நிற்கும் ஒரு சுவர் போதும்.

சீர் கொடுக்கும் ‘செட்’

கட்டில், பீரோ, டிரஸ்ஸிங் டேபிள், பக்க மேசை எல்லாம் ஒரே மினுக்கத்தில். கல்யாணச் சீருக்கென்று ‘பெட்ரூம் செட்’டாகவே கடைகள் விற்கின்றன. மண்டபத்தில் வரிசையாக வைத்தால் எடுப்பாகத் தெரியும் என்பதால், தேக்கில் ஒரு நல்ல கட்டில் வாங்கும் பணத்தில் பளபளக்கும் நான்கு சாமான்களை வாங்கும் பெற்றோரைப் பார்க்கிறோம். கடன் வாங்கியும் வாங்குகிறார்கள். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961லிருந்து இருக்கிறது. ‘நாங்களா ஆசைப்பட்டுக் கொடுக்கிறோம்’ என்ற வார்த்தை அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

அந்தச் சாமான்கள் பெரும்பாலும் திருகாணியால் இணைக்கும் துகள் பலகையில் செய்தவை. இளம் தம்பதி வாடகை வீடு மாறும்போதெல்லாம் கழற்றிப் பூட்ட வேண்டும். இரண்டு மூன்று முறை கழற்றினால் திருகாணி ஓட்டை பெரிதாகிக் கதவு தொங்கும். லாரியில் ஏற்றும்போது ஒரு மூலை உடைந்தால் மாற்றுக் கதவு கிடைக்காது. விற்கப் போனால் பழைய சாமான் கடைக்காரர் தேக்குக்கும் இரும்பு பீரோவுக்கும் விலை சொல்வார், இதற்குச் சொல்ல மாட்டார். மகளுக்குக் கொடுக்க நினைப்பவர்கள் நான்கை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றைக் கழற்றிப் பூட்டத் தாங்குகிற மரத்தில் செய்துகொடுக்கலாம். மிச்சப் பணத்தை அவள் பெயரிலேயே வங்கியில் போடலாம். மண்டபத்தில் அதை வரிசையாக வைத்துக் காட்ட முடியாதுதான். அவளிடம் அது இருக்கும்.

பெயிண்ட் அடிப்பவரின் மூச்சு

கிளாஸி பி.யு. கதவு எப்படிப் பிறக்கிறது என்பதை வீட்டுக்காரர்கள் பார்ப்பது அரிது. பலகையை உப்புக்காகிதத்தால் தேய்த்து, ப்ரைமர் அடித்து, மறுபடி தேய்த்து, வண்ணம் அடித்து, மேலே கிளியர் அடித்து, காய்ந்த பின் 2000 எண் காகிதத்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்ட் போட்டுச் சுழலும் பஞ்சால் மெருகேற்றுகிறார்கள். தூசியில்லாத ஸ்ப்ரே பூத்தில் செய்ய வேண்டிய வேலை இது. செலவு குறைய வேண்டுமென்று பாதிக் கட்டிய ஃபிளாட்டிலேயே, தூசி வராமலிருக்க ஜன்னலை மூடிக்கொண்டு, மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள்.

இரண்டு டப்பாக்களைக் கலந்து அடிக்கும் பி.யு.வில் ‘ஹார்டனர்’ என்ற டப்பாவில் இருப்பது ஐசோசயனேட். வேலையிடத்தில் வரும் ஆஸ்துமாவுக்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் இது ஒன்று. ஒருமுறை உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவும் இழுப்பைக் கிளப்பும். அந்தத் தொழிலாளி அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். கைக்குட்டை இதைத் தடுக்காது. தூசிக்கான சாதாரண முகக்கவசமும் ஆவியைத் தடுக்காது. ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசம், கையுறை, கண்ணாடி ஆகியவை குறைந்தபட்சத் தேவை. மூடிய அறையில் வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் கவசம்தான் முறையானது.

நம் வீட்டு அலமாரிக்காக ஒருவர் நுரையீரலைக் கொடுக்க வேண்டியதில்லை. பி.யு. வேண்டுமென்றால் பூத் உள்ள பட்டறையில் அடித்துக் கொண்டுவரும் ஒப்பந்தக்காரரைத் தேர்ந்தெடுங்கள். பட்டறையை நேரில் போய்ப் பாருங்கள். புகை வெளியேறும் விசிறி ஓடுகிறதா, அடிப்பவர் முகத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிறு திருத்தத்துக்காக வீட்டிலேயே அடிக்க நேர்ந்தால் அன்று குழந்தைகளையும் பெரியவர்களையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கொட்டேஷனில் கீலுக்கும் கைப்பிடிக்கும் தனித்தனி வரி இருக்கிறது. அந்தக் கவசத்துக்கும் ஒரு வரி எழுதச் சொல்லி, அதற்கான தொகையைக் கொடுத்து, வேலை தொடங்கும் நாளில் அது வந்திருக்கிறதா என்று கேளுங்கள்.